சிவப்புக்கு எந்தச் சாம்பல்?

கீழத்தஞ்சையில் கட்சிக்காரர்களை நிறத்தால்தான் அடையாளம் சொல்வார்கள். செங்கொடிக்காரர் வீடு, கறுப்புச்சட்டைக்காரர் கடை, கறுப்பு சிவப்புக் கரைவேட்டிக்காரர் களம். வாய்க்காலின் இந்தக் கரையில் ஒரு கொடிக்கம்பம் நின்றால் அந்தக் கரையில் இன்னொன்று நிற்கும். அப்படிப்பட்ட ஊர்களில் 1970களிலும் 80களிலும் அரசியல் கூட்டங்களைப் படமெடுத்துப் பிழைத்தவன் நான். கையில் இருந்ததோ கறுப்பு வெள்ளை ஃபிலிம். எது கறுப்பு, எது வெள்ளை என்பதை ஃபிலிம் தானாகத் தீர்மானிக்கிறது என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். தீர்மானிப்பது நாங்கள்தான். அதிலும் ஒரு கேள்வி மட்டும் ஐம்பது வருஷமாக என்னை விடவில்லை: சிவப்பை எந்தச் சாம்பலாக்குவது?

1974-இல் மன்னார்குடியில் ஒரு ஸ்டூடியோவில் பையனாகச் சேர்ந்தேன். முதல் வேலை, முதலாளி எடுத்து வைத்திருந்த பழைய கண்ணாடித் தட்டுகளைத் துடைத்து உறையில் போடுவது. கல்யாணங்களுக்கு நடுவே 1950களின் பொதுக்கூட்டங்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எல்லாக் கட்சிக் கொடியும் ஒரே மாதிரி இருந்தது. முதலாளியிடம் கேட்டேன். "ஆர்த்தோ தட்டுக்குச் சிவப்பு தெரியாதுடா" என்றார்.

ஆர்த்தோகுரோமாட்டிக் தட்டு நீலத்தையும் பச்சையையும் பார்க்கும். சிவப்பு அதற்கு இருட்டு. நெகட்டிவில் பதியாத இடம் பிரிண்டில் கறுப்பாக விழும். கறுப்பு நடுவே சிவப்பு வட்டம் போட்ட திராவிடர் கழகக் கொடியும், மேலே கறுப்பும் கீழே சிவப்புமான தி.மு.க. கொடியும் அந்தத் தட்டில் ஒரே கறுப்புத் துணிதான். 1949-இல் பிரிந்தவர்களை ஆர்த்தோ தட்டு பிரித்துப் பார்க்கவே இல்லை. கம்யூனிஸ்டுகளின் செங்கொடியும் கறுப்பே. அரிவாளும் சுத்தியலும் வெளிர் நிறத்தில் இருந்தால் அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். "கொடியில பாதியக் காணுமேங்க" என்று கழகத்துக்காரர் ஒருவர் பிரிண்டைத் திருப்பிக் கொண்டுவந்த கதையை முதலாளி அடிக்கடி சொல்வார். பாதியைச் சுரண்டி வெளுத்துக் கொடுத்தாராம்.

பான்குரோமாட்டிக் ஃபிலிம் வந்த பிறகும் சின்ன ஊர் ஸ்டூடியோக்கள் ஆர்த்தோவை விடாததற்குக் காரணம் உண்டு. சிவப்பு விளக்கடியில் தட்டு எப்படி ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே டெவலப் செய்யலாம். பிரிண்ட் போடும் புரோமைடு தாளும் அதே ஜாதி. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு. எங்கள் ஊரில் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தோழர், இது நம்ம ஆபீசை விடச் சிவப்பா இருக்கே" என்று சிரிப்பார்.

நான் கேமராவைக் கையில் எடுத்த காலத்தில் பான் ஃபிலிம்தான். அதற்குச் சிவப்பு தெரியும். தெரிந்ததால் வேறு தொல்லை. செங்கொடியும் பச்சை வயலும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக விழும். சம்பா நிற்கிற வயல் வரப்பில் ஊர்வலம் போகிறது. கண்ணுக்கு அப்படியோர் அழகு. பிரிண்டில் ஆட்கள் கம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போவது போல இருக்கும். கொடி பயிருக்குள் கரைந்துவிடும். அங்கேதான் ஃபில்டர் தேவைப்படுகிறது.

சிவப்பு ஃபில்டர் போட்டால் வானம் கறுத்து, மேகம் திரண்டு, புரட்சி நாளைக்கே வந்துவிடும்போல இருக்கும். உலகத்து அரசியல் படங்களில் பாதி அப்படி எடுத்தவைதான். ஆனால் சிவப்பு ஃபில்டர் தன் நிறத்தைத் தாராளமாக உள்ளே விடும். செங்கொடி வெள்ளைக்கொடி ஆகிவிடும். நாகை பக்கம் ஒரு ஸ்டூடியோக்காரர் மே தின ஊர்வலத்தை இப்படி எடுத்துக் கொடுத்தார். கறுத்த வானத்தின் கீழே நூற்றுக்கணக்கான விவசாயத் தொழிலாளர்கள் வெள்ளைக்கொடி பிடித்து வருகிறார்கள்! மிராசுதார் கேட்டிருந்தால் காசு கொடுத்து வாங்கி ஹாலில் மாட்டியிருப்பார்.

பச்சை ஃபில்டர் இதற்கு நேர் எதிர். பயிர் வெளுக்கும், கொடி கறுக்கும். ஊர்வலம் எடுப்பாகத் தெரியும். ஆனால் இந்த மாவட்டத்தில் கறுப்புக் கொடிக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. அது துக்கம், எதிர்ப்பு. 1965 ஜனவரி 26-இல் இந்தி எதிர்ப்புக்காக வீட்டு மாடிகளில் ஏறியது. அதைச் செங்கொடிக்காரர் கையில் கொடுக்க முடியுமா? ஆகவே நான் பச்சை ஃபில்டரில் எடுத்து, என்லார்ஜரின் கீழே கொடி விழும் இடத்தைக் கையால் மறைத்து மறைத்து வெளிச்சத்தைக் குறைத்து, கறுப்பிலிருந்து ஒரு படி மேலே நிறுத்துவேன். கருஞ்சாம்பல். துணியின் மடிப்பு தெரிய வேண்டும், வெயில் அதன் வழியாக வருவது தெரிய வேண்டும். அதுதான் என் சிவப்பு. முப்பது வருஷம் அந்தச் சாம்பலை விற்றேன்.

ஃபிலிமே அரசியலோடுதான் வந்தது. எங்களுக்குக் கட்டுப்படியானது ஓர்வோ. கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபென் தொழிற்சாலைச் சரக்கு, டாலர் தேவைப்படாத ரூபாய் வர்த்தகத்தில் இந்தியாவுக்கு வந்தது. இன்னொன்று ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் செய்த இந்து. 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த பொதுத்துறை ஆலை. அந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர். சோஷலிச ஜெர்மனியின் ஃபிலிமில் எடுத்து, நேரு காலத்துத் திட்டத்தில் பிறந்த தாளில் பிரிண்ட் போட்டு, காங்கிரஸ் கூட்டத்துக்கும் கொடுத்திருக்கிறேன்.

டெவலப்பர் மட்டும் சொந்தக் கலவை. டி-76: லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. நகைக்கடைத் தராசில் நிறுப்போம். 20 டிகிரியில் டெவலப் செய் என்று அட்டையில் போட்டிருக்கும். சித்திரை மாதத்து மன்னார்குடியில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேலே வரும். விடியற்காலையில், இரவெல்லாம் மண்பானையில் ஆறிய தண்ணீரில் வேலையை முடிப்போம். சூட்டிலிருந்து திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குப் போனால் ஃபிலிமின் ஜெலட்டின் சுருங்கி வலைவலையாக வெடிக்கும். பழைய ஓர்வோ இதில் ரொம்ப மோசம். எங்கள் தொழிலில் அது நாசமான ரோல்.

அந்த நாசத்தை 1991-இல் வேண்டுமென்றே செய்தேன். ஜூன் 25 அன்று காவிரி நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் 205 டி.எம்.சி. விட வேண்டும் என்று இடைக்காலத் தீர்ப்புச் சொன்னது. வருஷம் முடிவதற்குள் பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம். விவசாயிகள் சங்க மண்டபத்தில் படம் வைக்கக் கேட்டார்கள். வழக்கமாக இதற்கு ஒரு படம் உண்டு: பாளம் பாளமாக வெடித்த வயல், நடுவில் தலையில் கை வைத்த கிழவர். அந்தக் கிழவரை நான் எடுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அதற்குப் பதில் கரை தொட்டு ஓடுகிற வெண்ணாற்றின் பழைய நெகட்டிவ்களை மாதிரியாக வைத்து, அதே இடத்தில் நின்று புதிதாக எடுத்து, ஃபிலிமைச் சுடுதண்ணீரிலிருந்து ஐஸ் தண்ணீருக்கு மாற்றினேன். ஆறு நிறையத் தண்ணீர். அந்தத் தண்ணீரின் மேல்தோல் முழுவதும் கோடைத்தரை வெடிப்பு. மண்டபத்தில் ஒரு விவசாயி அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "தண்ணி ஓடுது, ஆனா வெடிச்சிருக்கு. கடைமடைக்காரன் கனவா?" என்று கேட்டார். விமர்சகர்கள் யாரும் அதைவிட நன்றாக அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. விமர்சகர்கள் யாரும் வரவும் இல்லை.

அச்சில் வரும் படம் வேறு கணக்கு. முரசொலி, விடுதலை, ஜனசக்தி, தீக்கதிர் என இயக்கப் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பகுதியிலிருந்து படம் போகும். அங்கே அதைத் துத்தநாக பிளாக் ஆக்குவார்கள். செய்தித்தாள் பிளாக்கில் அங்குலத்துக்கு அறுபத்தைந்து வரிப் புள்ளிதான். மையும் மட்டமான தாளும் சேர்ந்தால் கருமையில் எந்த நுணுக்கமும் தங்காது. யார் முகம் முதலில் காணாமல் போகும் என்று சொல்லத் தேவையில்லை. மேடையில் டியூப்லைட்டின் கீழே உட்கார்ந்திருக்கும் தலைவருக்கு மூக்கு, கண், கண்ணாடி எல்லாம் வரும். எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் நாற்றுநடவுப் பெண்களுக்கு வெள்ளைப் பல்லும் மூக்குத்தியும் மட்டும் வரும். மீட்டர் காட்டும் அளவை நம்பி எடுத்தால் கறுத்த தோல் கீழே போய்விடும். நான் எப்போதும் மக்கள் முகத்துக்கு அளந்து, தலைவர் வெளுத்துப்போனால் போகட்டும் என்று எடுப்பேன். தலைவர்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வெளுப்பாகத் தெரிவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, பகுத்தறிவாளர்கள் உட்பட.

சுவரொட்டிக்கு லித் ஃபிலிம். சாம்பலே கிடையாது, கறுப்பு அல்லது வெள்ளை. எல்லா முகத்தையும் அது தாங்காது. ஒரே ஒரு பெரிய வெள்ளை, ஒரே ஒரு பெரிய கறுப்பு இருந்தால்தான் நிற்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது 1967. ஜனவரி 12-இல் எம்.ஆர்.ராதா சுட்டதில், கழுத்தில் கட்டுப்போட்டு மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆர். கைகூப்பும் படம் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் ஏறியது. பரங்கிமலைத் தொகுதிக்குப் போகாமலே ஜெயித்தார், தி.மு.க.வும் ஆட்சியைப் பிடித்தது. அந்தப் படம் ஏன் வேலை செய்தது என்று பேசுகிறவர்கள் அனுதாபம் என்பார்கள். தொழில்காரனாகச் சொல்கிறேன்: கழுத்துக்கட்டு. எவ்வளவு மட்டமான அச்சிலும், மழையில் ஊறிய சுவரிலும், நூறு அடி தூரத்திலும் அந்த வெள்ளைப் பட்டை தெரியும். நடிகரின் முகத்தை எல்லோரும் ஏற்கெனவே மனதில் வைத்திருந்தார்கள். படம் கொடுக்க வேண்டியது அந்தக் கட்டு மட்டும்.

வாக்குச்சீட்டும் அப்படித்தான். தேர்தல் சின்னங்களைப் பல வருஷம் பென்சிலால் வரைந்தவர் தேர்தல் ஆணையத்தின் வரைவாளர் எம்.எஸ்.சேத்தி. வாக்குச்சீட்டில் உதயசூரியன்கூடக் கறுப்பு மையில்தான் உதிக்கும். நிறத்தால் கட்சி சொல்லும் ஊர், ஓட்டுப்போடும் அட்டை மறைப்புக்குள் போனதும் கோட்டுச் சித்திரத்தைத் தேடுகிறது.

இந்த ஊருக்குக் கேமரா வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1858-இல் தஞ்சைக்கு வந்தார். 1855-இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்துபோக, கம்பெனி அரண்மனையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. டிரைப் பெரிய கோயில் விமானத்தின் அடிச்சுவரைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அடி அடியாக எடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார்; கிட்டத்தட்ட பத்தொன்பது அடி. ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த நிலம், நெல், விளக்கு, ஆடு எல்லாவற்றின் கணக்கும் அந்தக் கல்லில் இருக்கிறது. ஒரு ஆட்சியின் கணக்குப் புத்தகத்தை அடுத்த ஆட்சி நகலெடுத்துக்கொண்ட வேலை அது. மெழுகிட்ட காகித நெகட்டிவ் நீலத்தை மட்டுமே பார்க்கும், வானம் வெறும் வெள்ளையாக விழும். அதனால் டிரைப் நெகட்டிவின் பின்பக்கம் வண்ணம் தீட்டி மேகத்தையும் இலையையும் சேர்த்தார். அந்தக் காலத்திலேயே டச்சிங். நேர்மையான படம், பொய்ப்படம் என்று சண்டை போடுகிறவர்களுக்கு இதை நினைவூட்டுவேன்.

அவருக்குப் பின்னால் ஹூப்பர் என்ற இன்னொரு படை அதிகாரி. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் தின்றபோது, எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்கார வைத்து, குடும்பப் படத்துக்கு உட்கார வைப்பது போலவே வைத்து எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, எந்தப் பசியையும் போஸ் கொடுக்க வைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 1943 வங்கப் பஞ்சத்தில் சுனில் ஜனா எடுத்தவை வேறு வகை. கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் பி.சி.ஜோஷியோடு ஊர் ஊராகப் போய், கட்சிப் பத்திரிகைக்காக எடுத்தார். அந்தப் படங்களில் நிற்பவர்கள் கேமராக்காரரைப் பார்க்கிறார்கள். ஹூப்பர் படத்தில் இருப்பவர்கள் எங்கும் பார்ப்பதில்லை.

அரிவாள் விஷயத்துக்கு வருகிறேன். இத்தாலியில் பிறந்து மெக்சிகோவில் வேலை செய்த டீனா மொடோட்டி 1927-இல் தோட்டா வார், மக்காச்சோளக் கதிர், அரிவாள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடுத்த படம் உலகப் பிரசித்தம். கட்சி அலுவலகத்துக்கு வந்த ஏதோ ஒரு சோவியத் புத்தகத்தில்தான் பார்த்தேன். உடனே எனக்கும் கை துறுதுறுத்தது. எங்கள் ஊரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சின்னமே கதிர் அரிவாள்தானே! ஆனால் வயலில் போய் அரிவாளைக் கேட்டால் பெண்கள் எடுத்துக் கொடுத்தது வேறு பொருள். கொடியில் இருப்பது பிறை மாதிரிப் பெரிதாக வளைந்து மழமழவென்று இருக்கும். அறுப்பறுக்கும் கருக்கரிவாள் சின்னது, மெல்லியது, உள்வாயில் ரம்பப் பல். கைப்பிடி வருஷக்கணக்கான வியர்வையில் கறுத்துப் பளபளக்கும். அந்தப் பல்லை எடுப்பது பெரிய வேலை. நேர் வெளிச்சத்தில் மழுங்கிவிடும். பக்கவாட்டில் தாழ்ந்த வெயில் வேண்டும். மாலை நாலரைக்கு மேல், களத்துமேட்டில், கறுப்புக் குடைத்துணியைப் பின்னால் விரித்து எடுத்தேன். பெரிதாக்கியபோது பல்லுக்கு இடையில் ஒட்டியிருந்த வைக்கோல் இழைகூட வந்திருந்தது. கட்சி மலருக்குக் கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு தோழர், ஆனா சின்னம் மாதிரி இல்லியே" என்றார் பொறுப்பாளர். சின்னம் மாதிரி இல்லாததுதான் எனக்குப் பிடித்திருந்தது. வேறெங்கோ போட்டார்கள், தபால்தலை அளவில்.

ஜான் ஹார்ட்ஃபீல்ட் 1932-இல் ஹிட்லரின் முதுகெலும்பை நாணயங்களால் அடுக்கிக் காட்டியதைப் பார்த்தபின் ஒட்டுப்படமும் செய்து பார்த்தேன். வெடித்த வயலில் முஷ்டி, மதகிலிருந்து ரத்தம், தராசில் நெற்கதிர் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தார்கள். ஹார்ட்ஃபீல்டிடம் சிரிப்பு இருந்தது, எங்களிடம் ஒப்பாரிதான் இருந்தது. இன்று செல்ஃபோனில் ஒரு நிமிஷத்தில் செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறார்கள்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. 2017 ஜனவரி 10-இல் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அப்போது என்னிடம் அகச்சிவப்பு ஒளிக்காக மாற்றிய ஒரு பழைய டிஜிட்டல் கேமரா இருந்தது. உயிருள்ள பச்சை இலை அகச்சிவப்பை அள்ளித் திருப்பி அனுப்பும், அதனால் படத்தில் பால்வெள்ளையாக விழும். வாடிய பயிர் அந்த அளவு வெளுக்காது. தண்ணீர் கறுப்பாகும். ஒரு போர்செட் வைத்திருந்தவர் வயலும் அதை ஒட்டி ஆற்றுப்பாசனத்தை நம்பியிருந்தவர் வயலும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி கடைமடையில் சில இடங்கள் பார்த்து வைத்தேன். சாதாரணக் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். அகச்சிவப்பில் வரப்பு ஒரு எல்லைக்கோடு. இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் மங்கல். மோட்டார் வைத்திருப்பவன், இல்லாதவன். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கே தெரியாத ஒளியில்தான் அது தெரிந்தது.

அதே வருஷம் மார்ச் 14-இல் அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு உட்கார்ந்தார்கள். செத்துப்போன விவசாயிகளுடையவை என்றார்கள். எலியைப் பல்லில் கடித்தார்கள், அரை நிர்வாணமாக நின்றார்கள். நம் ஊரிலேயே நாடகம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. எந்தக் கேமரா வந்தாலும் எந்தக் கோணத்தில் எடுத்தாலும் படத்தில் மிகப் பிரகாசமான பொருள் மண்டையோடாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1967-இன் கழுத்துக்கட்டு செய்த அதே வேலை. டெல்லிப் புகைப்படக்காரர்களுக்கு யோசிக்க எதையும் விட்டுவைக்கவில்லை.

ஜூன் 30-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. போராட்டம், தடியடி, கைது. சில நாள் கழித்துப் போனேன். கச்சா எண்ணெய் ஊறிய வயலைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது எளிது என்று நினைப்பீர்கள். ஈரச் சேறும் கறுப்பு, எண்ணெயும் கறுப்பு. நேரே நின்று எடுத்தால் உழுத வயல், அவ்வளவுதான். வெயிலுக்கு எதிரே குனிந்து, வானம் எண்ணெயில் பிரதிபலிக்கும் கோணம் பிடித்தால் சேறு கறுப்பாகவே இருக்க, எண்ணெய் வெள்ளையாக மின்னும். தஞ்சை வயலில் வெள்ளையாக மின்னுவது தண்ணீராக இருக்க வேண்டும். படத்தைப் பார்த்த பலர் அதைத் தண்ணீர் என்றே நினைத்தார்கள். கீழே எழுதியதைப் படித்த பிறகு மறுபடி பார்த்தார்கள். அந்த மறுபார்வைக்காகத்தான் அதைப் பிரிண்ட் போட்டேன்.

வெண்மணியை மட்டும் எப்படி எடுப்பது என்று வெகுகாலம் தெரியவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த நாற்பத்து நான்கு பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள். மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் கூலிகளின் செங்கொடிச் சங்கத்துக்கும் இடையிலான கூலித் தகராறு அது. முதலமைச்சர் அண்ணா நோயாளியாக இருந்தார். அமைச்சர்கள் கருணாநிதியையும் மாதவனையும் அனுப்பினார். 1973-இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. ஒவ்வொரு டிசம்பர் 25-ம் கொடியோடு கூட்டம் வரும், நானும் போவேன், ஊர்வலத்தை எடுப்பேன், திரும்புவேன். ஓலைக்குடிசையைக் கொளுத்தி 'எஃபெக்ட்டாக' எடுத்துத் தரச் சொன்னவர்கள் இருந்தார்கள். மாட்டேன் என்றேன். தீயை எடுத்தால் படம் தீயைப் பற்றியதாகிவிடும். தகராறு நெல்லைப் பற்றியது.

கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். ஐம்பதாவது ஆண்டு, 2018-இல், அதையே எடுக்கலாம் என்று தோன்றியது. கேமரா வேண்டாம். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே புரோமைடு தாளை விரித்து, பழைய படியில் பாதி அளந்த நெல்லை அதன்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, தலைக்கு மேலே பல்பை இரண்டு விநாடி எரிய விட்டு அணைத்தேன். நெல் கிடந்த இடம் வெள்ளை, கிடக்காத இடம் கறுப்பு. மணியின் மூக்கு, சுணை, பதரின் மெலிந்த நிழல் எல்லாம் நிஜ அளவில். இருபதுக்கு இருபத்து நான்கு அங்குலத் தாள் இரண்டு பிடித்தது. தாள், ஆலை மூடும் முன் வாங்கிப் பதுக்கி வைத்திருந்த ஊட்டிச் சரக்கு. வயசாகி ஓரமெல்லாம் புகை பிடித்திருந்தது. டெவலப்பரில் பொட்டாசியம் புரோமைடைக் கூட்டிப் போட்டுத்தான் வெள்ளையை வெள்ளையாக எடுக்க முடிந்தது. இந்தப் படத்தில் ஃபில்டர் இல்லை, கொடி இல்லை, சிவப்பைப் பற்றிய கவலையும் இல்லை.

சங்க அலுவலகத்தில் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பாட்டி, ஆயுசெல்லாம் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர், கிட்டே வந்து நெல்லைத் தடவுவது போலத் தாளைத் தடவிப் பார்த்தார்.

"இது என்னா தம்பி?"

"அரைப்படி நெல்லு பாட்டி. கூலியில கூட்டிக் கேட்டாங்கல்ல, அது."

"தலை தட்டி அளந்ததா, குவிச்சு அளந்ததா?"

குவித்துத்தான் அளந்திருந்தேன். சொன்னேன்.

"அப்ப இது அவுங்க நம்மகிட்ட வாங்குற படி. நமக்கு அளக்கயில தலை தட்டித்தான் போடுவாங்க."

வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த தாளில், தலை தட்டி அளந்து இன்னொரு ஜோடி போட்டேன். இரண்டாவது தாளின் மேல்பக்கத்தில் நாலு விரற்கடை அகலத்துக்கு நெல் இல்லாமல் வெறும் கறுப்பாக நின்றது. இரண்டு ஜோடியும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. சங்கச் செயலாளர் கீழே வீரவணக்கம் என்று எழுதச் சொன்னார். அது எதிர்ச்சுவரில் ஏற்கெனவே பெரிய எழுத்தில் இருந்ததால், 'வாங்கும் அரைப்படி', 'கொடுக்கும் அரைப்படி' என்று மட்டும் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்.